நிறத்துறவு: மாத்தளைச் சுவர்கள் எழுப்பும் ஒரு வினா

இருபதாம் நூற்றாண்டு ஓவியத்தின் வரலாற்றை நோக்குவோர்க்கு ஒரு போக்குத் தெளிவாகப் புலப்படும். முதலில் உருவம் குறைந்தது. பின்னர்க் கோடு குறைந்தது. ஈற்றில் நிறமும் குறைந்தது. ரஷிய ஓவியரான மலேவிச் 1915இல் வெண்பரப்பில் ஒரு கறுப்புச் சதுரத்தை மட்டும் வரைந்து காட்சிக்கு வைத்தார். 1918இல் வெண்மையின்மீது வெண்மையையே தீட்டினார். அதன்பின் வந்த தலைமுறைகளில், ஒரே நிறத்தின் சாயல்களைக்கொண்டு பெரும் பரப்புகளை நிரப்புவதும், தூரிகையின் சுவடே தோன்றாதவாறு வண்ணத்தைப் படியவைப்பதும் பல நாடுகளிலும் வழக்காயின. இத்தகைய ஓவியங்களைப் பற்றித் திறனாய்வாளர் எழுதுங்கால் கையாளும் சொற்கள் ஊன்றி நோக்கத்தக்கன. அடக்கம், நேர்மை, தூய்மை, மௌனம், துறவு என்பன அவை. இவற்றுள் ஒன்றேனும் நிறத்தைக் குறிக்கும் சொல்லன்று. யாவும் மாந்தரின் ஒழுக்கத்தைக் குறிப்பன. செம்மண்ணும் கரியும் எவ்வாறு ஒழுக்கம் உடையனவாகும்? குறைவாகத் தீட்டுவதை அறச்செயல் என்று கூறுவதற்கு ஏதேனும் நியாயம் உண்டா? அன்றி, ஒரு சாராரின் சுவையே அறத்தின் பெயரைச் சூடிக்கொண்டு உலவுகின்றதா?

இவ்வினா வெறும் அழகியல் வினாவன்று. ஒரு சுவையை அறமென்று ஒப்புக்கொண்டால், அச்சுவை இல்லாதாரை அறம் குறைந்தவர் எனக் கருதும் இடர் உடன்வருகின்றது. இலங்கையிலே இவ்வினாவை ஆராய்வதற்கு மாத்தளை மாவட்டத்தைப் போன்ற இடம் பிறிதொன்று இல்லை எனலாம். சீகிரியாவும் தம்புள்ளையும் மாத்தளை நகரும் ஒரே நாளிற் கண்டுவரத்தக்க தூரத்தில் உள்ளன. நிறத்தின் குறைவும் நிறைவும் மிகுதியும் அவ்வொரு நாளில் அடுத்தடுத்துக் காட்சிதரும். ஆயினும் அச்சுவர்களை அணுகுமுன், நிறத்துறவு என்னும் சொல்லுக்கு இக்காலத்தில் மிகப் பொருத்தமானவராகக் கருதப்படும் ஓவியர் ஒருவரை அறிந்துகொள்வது நலம்.

வாசுதேவ் காய்தோண்டே 1924இல் நாகபுரியிற் பிறந்து, பம்பாய் ஜே. ஜே. கலைக்கல்லூரியிற் பயின்றவர். அங்கு இயங்கிய முற்போக்கு ஓவியர் குழுவினருடன் தொடர்புகொண்டிருந்தார். 1972இல் தில்லிக்குக் குடிபெயர்ந்து, நிசாமுதீன் பகுதியில் ஒரு சிறு மாடியறையிலே தனித்து வாழ்ந்து 2001இல் மறைந்தார். தமது ஓவியங்களை அருவ ஓவியங்கள் எனப் பிறர் அழைத்தபோது அவர் அப்பெயரை ஏற்கவில்லை. ஒரு பொருளிலிருந்து வடித்தெடுப்பதே அருவமாக்கல்; தமது ஓவியம் எப்பொருளையும் முதலாகக்கொண்டு தொடங்கவில்லை என்பது அவரது நிலைப்பாடு. சென் பௌத்தத்திலும் ரமண மகரிஷியின் போதனைகளிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. உருளையாலும் தட்டைக் கத்தியாலும் வண்ணத்தைப் படிப்படியாகப் பரப்பியும், தாள் துண்டுகளை ஒற்றியெடுத்தும், சுரண்டியும், மீண்டும் மூடியும் ஓவியச்சீலையை உருவாக்குவார். ஓராண்டில் அவர் முடித்த ஓவியங்கள் மிகச் சிலவே. நாட்கணக்கில் எதனையும் தீட்டாது அமர்ந்திருப்பதும் அவரது பணியின் ஒரு பகுதியாக இருந்தது. விளைவாக வந்தது, ஒரு மஞ்சள் அல்லது ஒரு சாம்பல்நிறப் பரப்பு. அதன் உள்ளிருந்து ஒளி கசிவதுபோன்ற தோற்றம். எந்த மொழியின் எழுத்தென்றும் சொல்லவொண்ணாத சில குறிகள்.

"இதனை யார்தாம் செய்ய முடியாது?" என்னும் கேள்வி இத்தகைய ஓவியத்தின்முன் எழுவது இயல்பே. அக்கேள்வியை அறியாமை எனத் தள்ளிவிடுவது கற்றோரின் வழக்கமாகிவிட்டது, அது முறையன்று. அக்கேள்வியின் உட்பொருள் உழைப்பைப் பற்றியது. பாடுபட்டது கண்ணுக்குத் தெரிந்தாற்றான் பாராட்டலாம் என்னும் நேர்மையான எண்ணமே அதிலுண்டு. காய்தோண்டேயின் ஓவியத்தில் உழைப்பு மிகுதி. ஆனால் அவ்வுழைப்பின் பெரும்பகுதி, உழைப்பின் தடயத்தை அழிப்பதிலே செலவாகியது.

அவர் வாழ்விலே மற்றொன்றும் நிகழ்ந்தது. 1984இல் நேர்ந்த விபத்தின்பின் சில ஆண்டுகள் பெரிய ஓவியச்சீலைகளில் வரைவது அவருக்கு இயலாதுபோயிற்று. அக்காலத்திலே அவர் தாளில் மையினால் சிறு சிறு கோடுகளை மட்டுமே இட்டார். முன்னர்த் தாமே விரும்பிக் குறைத்தவர், இப்போது உடலின் நிலையாற் குறைக்கவேண்டியவரானார். அத்தாள்களும் அழகியனவே. பார்ப்பவர் கண்ணுக்கு விரும்பிய குறைவும் விதித்த குறைவும் வேறாகத் தோன்றவில்லை.

இங்குதான் சிக்கல் தொடங்குகின்றது. துறவு என்பது உடைமையை முன்வைத்த சொல். கையில் இருப்பதை விடுவதே துறவு. கையில் இல்லாததை விடுதல் எவ்வாறு? தெருவோரத்து இரவலன் கையிலும் துறவியின் கையிலும் ஓடு வெறிதாகவே இருக்கலாம். ஓட்டைப் பார்த்து இருவரையும் வேறுபிரித்தறிய முடியாது. அவ்வாறாயின், ஓவியத்தைப் பார்த்து ஓவியரின் துறவைப் போற்றுவோர் எதனைப் பார்த்துப் போற்றுகின்றனர்? ஓவியத்துக்கு வெளியே உள்ள ஒரு வாழ்க்கை வரலாற்றையே அவர்கள் போற்றுகின்றனர் என்று சொல்ல நேரிடும்.

பழந்தமிழர் நிறம்பெறாத சித்திரத்தை அறிந்திருந்தனர். 'புனையா ஓவியம்' என அதற்கு ஒரு பெயரும் இருந்தது. நெடுநல்வாடையில் அத்தொடர் வரும் இடம் சிந்தனைக்குரியது. அரசன் பாசறையில் இருக்க, பிரிவினால் அணிகலன்களைக் களைந்து கட்டிலில் இருக்கும் அரசியே ஆங்கு வண்ணந்தீட்டப்பெறாத ஓவியத்துக்கு ஒப்பாகின்றாள். அவளிடம் அணிகள் இல்லாமலில்லை, பெட்டியில் உள்ளன. எனினும் அவள் அவற்றைத் துறந்தவளும் அல்லள். தலைவன் மீண்டால் மறுநாளே அணிந்துகொள்வாள். அவளது நிறமின்மை வறுமையுமன்று, துறவுமன்று; காத்திருத்தல். கோட்டுருவாக நிற்கும் சித்திரமும் வண்ணத்துக்காகக் காத்திருப்பதே. குறைவை இருவகையாக மட்டுமே பார்க்கும் பழக்கத்துக்கு அப்புலவர் மூன்றாவது வகையொன்றைக் காட்டிச் சென்றிருக்கின்றார். இக்கால ஓவியத்தைப் பற்றி எழுதுவோர் அதனை எடுத்தாளாதது வியப்பே.

இனிச் சீகிரியாவை நோக்கலாம். கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் காலத்தவை எனக் கொள்ளப்படும் ஓவியங்கள் அப்பாறையின் மேற்குமுகத்தில், நிலமட்டத்துக்கு மிக உயரே, ஒரு குடைவிலே எஞ்சியுள்ளன. எஞ்சிய உருவங்கள் ஏறத்தாழ இருபது. ஒரு காலத்தில் அம்முகப்பின் பெரும்பகுதியும் ஓவியம் தாங்கியிருக்கலாம் என்பர். உமி கலந்த களிமண் படைகளின்மேல் சுண்ணச்சாந்து பூசி, அதன்மேல் தீட்டியவை அவை. முதன்மையான நிறங்கள் மூன்று: செங்காவி, மஞ்சட்காவி, பச்சைமண். கருமையும் சுண்ணத்தின் வெண்மையும் துணைநிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றை முறையாக ஆராய்ந்த தொல்லியல் ஆணையாளர் பெல், நீலம் காணப்படாமையைத் தனித்துக் குறித்தார். ஏறத்தாழ அதே நூற்றாண்டில் அஜந்தாக் குகைகளில் தீட்டியோர், ஆப்கானிஸ்தான் நாட்டிலிருந்து வந்த இராசவர்த்தக் கல்லை அரைத்து நீலம் பெற்றனர் என்பதை நினைவிற்கொண்டால் அவரது வியப்பின் காரணம் விளங்கும்.

நீலம் ஏன் இல்லை? விலைமிக்க கல் கிட்டவில்லையா, அன்றி ஓவியன் வேண்டாமென விட்டானா? அவனது உள்ளத்தைச் சுவர் கூறாது. ஆனால் மூன்று நிறங்களும் சுவரில் என்ன செய்கின்றன என்பதைச் சுவர் கூறும். பெண்ணுருவங்களுட் சில பொன்னிறமும் சில கருமை கலந்த பசுமையும் உடையன. சேனரத் பரணவிதான பொன்னிறத்தாரை மின்னலென்றும் கரியவர்களை முகிலென்றும் விளக்கினார். அவ்விளக்கத்தை எல்லோரும் ஏற்கவில்லை. ஏற்பினும் ஏலாதொழியினும், இரண்டு மேனிநிறங்களின் வேறுபாடு இத்துணைப் பெரிய பொருளைத் தாங்கவல்லதாக இருக்கின்றது என்பது உண்மை. முப்பது நிறங்கள் கொண்ட சுவரில் ஒரு நிறத்தை மாற்றினால் ஒருவரும் அறியார். இங்கே பச்சையை எடுத்துவிட்டால் பாதிப் பெண்டிர் வேறாகிவிடுவர். நிறங்கள் குறையக் குறைய ஒவ்வொன்றும் சுமக்கும் பாரம் கூடுகின்றது. ஓவியன் அதனை விரும்பி ஏற்றானா என்பது வேறு. அப்பாரத்தைத் தாங்குமாறு தீட்டினான் என்பதற்குச் சுவரே சான்று.

கோட்டின் செய்தியும் அத்தகையதே. கன்னத்திலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து விரலுக்கும் தயங்காது ஓடும் கோடுகள் அவை. ஆயினும் ஓவியன் தவறாதவன் அல்லன். ஓர் உருவில் முதலில் இட்ட கையின் சுவடு, திருத்திய கையின் அருகே இன்றும் தெரிகின்றது. மூன்று கைகள் உடையவள் என்று வழிகாட்டிகள் வேடிக்கையாகக் காட்டுவர். உண்மையில் அது வேடிக்கைக்குரியதன்று. மேலே மேலே பூசி மறைக்கும் முறையில் தீட்டியிருந்தால் அத்திருத்தம் மறைந்தே போயிருக்கும். மெல்லிய பூச்சையும் சில கோடுகளையும் மட்டும் நம்பியவனுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. திறனாய்வாளர் 'நேர்மை' என்னும் சொல்லை ஓவியத்துக்கு வழங்குவதில் ஏதேனும் பொருளுண்டாயின் இதுவே அப்பொருள் எனலாம். அது ஓவியனின் குணத்தைப் பற்றிய சொல்லன்று, முறையைப் பற்றிய சொல். இருப்பதைக் காட்டாமல் இருக்க முடியாத முறை அது.

அவ்வோவியங்களுக்குக் கீழே செல்லும் பாதையின் ஓரத்திலே கண்ணாடிச் சுவர் உள்ளது. அதன் சுண்ணப்பூச்சு ஒரு காலத்தில் எதிரே நிற்பவர் நிழல் தெரியுமளவுக்கு மெருகிடப்பட்டிருந்தது. ஒரு வகையில் நோக்கின், அவ்விடத்தில் மிகக் குறைந்த வேலைப்பாடு உடையது அச்சுவரே. அதில் உருவமில்லை, நிறமில்லை. ஆனால் மக்கள் பேசியது அச்சுவரோடுதான். பெரும்பாலும் எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை அங்கு வந்துசென்றோர் மேலேயுள்ள பெண்களைப் பார்த்துத் தோன்றியதை அச்சுவரிலே கீறிவைத்தனர். அவற்றுள் 685 பாடல்களைப் பரணவிதான வாசித்து 1956இல் வெளியிட்டார். வெறுமையான பரப்பு பார்ப்பவனைப் பேசவைக்கும் என்று இக்கால ஓவியர் கூறுவதுண்டு. சீகிரியாவில் அது சொல்லளவில் நில்லாது சுவரிலேயே நிகழ்ந்திருக்கின்றது. மெருகு கெட்டது என்பதும் உடன்சொல்லவேண்டியதே. பேசவிட்ட சுவர் தன் வெறுமையை இழந்தது.

சீகிரியாவை விட்டுத் தம்புள்ளைக்கு வந்தால் இதுவரை சொன்னது தடுமாறுகின்றது. அங்குள்ள ஐந்து குகைகளிலும் ஓவியம் தீட்டிய பரப்பு ஏறத்தாழ 2,100 சதுர மீற்றர். இன்று காணப்படுவனவற்றுட் பெரும்பாலானவை, மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி சிறீ ராஜசிங்கன் (1747–1782) காலத்திலும் அதன் பின்னரும் தீட்டப்பெற்றவை. பாறைக் கூரையின் மேடுபள்ளங்களைத் தொடர்ந்து செல்லும் சித்திரங்கள், விரித்துக் கட்டிய மேற்கட்டியைப் போலத் தோன்றும். ஒரு கையளவு இடமும் வெறுமையாக விடப்படவில்லை. புத்தர் உருவங்களும் தாமரைகளும் கட்டங்களும் நெருங்கி நிற்கின்றன. ஆயினும் நிறங்களை எண்ணினால் அவையும் சிலவே: சிவப்பு, மஞ்சள், வெண்மை, கருமை, இடையிடையே பிற நிறங்கள். கண்டிக்கால ஓவியரின் வண்ணங்களை 1908இல் ஆனந்த குமாரசுவாமி விவரித்திருக்கின்றார். சாதிலிங்கம், அரிதாரம், மரப்பிசின், வெண்களி, விளக்குக்கரி என எளிதில் எண்ணிவிடத்தக்க பட்டியல் அது.

எனவே குறைந்த நிறம் வேறு, குறைந்த காட்சி வேறு என்பது தம்புள்ளையிற் புலனாகின்றது. நிறத்திற் சிக்கனமும் பரப்பில் தாராளமும் ஒரே கையில் அமையலாம். அவ்வோவியர் துறவு பற்றி அறியாதவர் அல்லர். அவர்கள் தீட்டியது துறவின் வரலாற்றையே, அரண்மனையை நள்ளிரவில் விட்டு நீங்கிய ஒருவனின் வரலாற்றை. அதனைத் தீட்டுவதற்கு வெறுஞ்சுவரே தக்கது என அவர்களுக்குத் தோன்றவில்லை. துறந்தவனைப் போற்றுவோர் தம்மிடம் உள்ளதையெல்லாம் கொண்டுவந்து சுவரில் நிரப்பினர். வெறுமையே துறவின் ஒரே அடையாளம் என்பது இக்காலத்தவரின் எண்ணம். அது பழைய பௌத்தனுக்கும் பழைய சைவனுக்கும் உடன்பாடாக இருந்திராது.

இவ்விடத்தில் மாத்தளை மாவட்டத்தின் ஹப்புவிதை ஊரை ஒரு சொல்லாற் குறிப்பிட்டுச் செல்லலாம். அரக்கு வேலைக்குப் பெயர்பெற்ற ஊர் அது. நிறமேற்றிய அரக்கைச் சூட்டில் இளக்கி நூல்போல இழுத்து, கைத்தடியிலோ பெட்டியிலோ ஒட்டி, வேண்டிய இடத்திற் பெருவிரல் நகத்தினால் நறுக்கி முடிப்பர். தூரிகை இல்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என நிறங்களும் நான்கைந்தே. முறையின் எளிமையைத் தேடி மேனாட்டு ஓவியர் எவ்வளவோ அலைந்தனர். நகத்தைவிட எளிய கருவி எது? எனினும் இக்கைவினைஞரைத் துறவிகள் என யாரும் எழுதியதில்லை. அவர்கள் கலைஞர் என்ற வரிசையிற்கூட வைக்கப்படுவது அரிது. வெறும் முறை மட்டுமே போற்றுதலுக்குக் காரணமாயின் அவ்வாறு நேர்ந்திராது.

மாத்தளை நகரை அடைந்ததும் வினா தன் கூர்மையைப் பெறுகின்றது. நகரின் நடுவே முத்துமாரியம்மன் கோயிலின் இராசகோபுரம் 108 அடி உயரத்தில் நிற்கின்றது. அதன் சிற்பங்களில் இல்லாத நிறமில்லை. நீலமும் இளஞ்சிவப்பும் பச்சையும் பொன்னும் வெயிலிற் பளபளக்கின்றன. ஓவியக்கலையைப் பயின்ற ஒருவர் சீகிரியாவையும் தம்புள்ளையையும் கண்டபின் இக்கோபுரத்தைக் கண்டால் முகஞ்சுளிப்பார். "கண்ணைப் பறிக்கும் பூச்சு" எனச் சொல்லுவார். பல்கலைக்கழக வட்டாரங்களில் இவ்வகைப் பேச்சு புதியதன்று. கோயில்களுக்கு எனாமல் பூசுவதைப் பற்றி நகைத்துப் பேசாத கலை ஆர்வலரைக் காண்பது அரிது.

அந்நிறங்களைத் தந்தவர் வந்த வழியை எண்ணிப்பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைவரை நடந்தே வந்தனர். மாத்தளைக்கு இரயில் வந்தது 1880இல். அதுவும் கண்டிப் பக்கமிருந்து. வடக்கேயுள்ள அக்காட்டுவழியில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டவர் பலர். மாரியம்மன், நோயைத் தருபவளும் நீக்குபவளுமாதலின், அவ்வழியின் முடிவில் அவளுக்குக் கோயில் எழுந்தது பொருத்தமே. அம்மக்கள் வாழ்ந்த லயத்து அறைகளின் சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு ஒன்றே நிறம். அவ்வெண்மையை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரே அறை, ஒரே நிறம், ஒன்றிரண்டு பாத்திரம் என்னும் வாழ்க்கையைக் 'குறைவின் அழகு' என்று எவரேனும் அவர்களிடம் கூறியிருந்தால், அதைவிடக் கொடிய ஏளனம் வேறிருக்க முடியாது. தமக்கென ஒரு கோபுரம் எழுப்பும் வாய்ப்பு வந்தபோது அம்மரபினர் எல்லா நிறங்களையும் வேண்டினர். 1983 யூலையில் அக்கோயிலின் தேர்கள் எரியூட்டப்பட்டன. பின்னர்ப் புதிதாகத் தேர் செய்து வண்ணம் தீட்டியவர்களிடம் அடக்கத்தைப் பற்றிப் பேசும் உரிமை யாருக்கு உண்டு?

மறுபுறத்தில், காய்தோண்டே 1979இல் வரைந்த ஓவியம் ஒன்று 2013 டிசம்பரில் மும்பையில் நிகழ்ந்த ஏலத்திலே 23 கோடியே 70 இலட்சம் இந்திய ரூபாவுக்கு விலைபோயிற்று. அடுத்த ஆண்டு நியூயோர்க் கூகன்ஹைம் நூதனசாலை அவரது ஓவியங்களுக்கெனத் தனிக் கண்காட்சி அமைத்தது. ஓவியர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளின்பின் வந்த அவ்விலைக்கு அவர் பொறுப்பாளியல்லர். ஆதலால் அவரது துறவுக்கு அதனால் ஊறு ஒன்றுமில்லை. ஆனால் வாங்கியவர் துறவை வாங்கவில்லை என்பது தெளிவு. அடக்கமான நிறங்களைச் சுவரில் மாட்டும் அடக்கமற்ற செல்வம் இன்று உலகெங்கும் உண்டு. வெறுமையான அறை ஒன்றை வைத்திருப்பதற்கு நிறைய அறைகள் வேண்டும். இச்சூழலிலே குறைவின் சுவை வசதியுள்ளோரின் அடையாளமாகவும், மிகுதியின் சுவை ஏழையின் குற்றமாகவும் மாறிவிடுகின்றது. அறத்தின் சொற்களைச் சுவைக்கு இரவல் கொடுத்ததன் விலை இதுவே.

அவ்வாறாயின் எல்லாச் சுவரும் ஒன்றே, எதனையும் மதிப்பிடலாகாது என்று கூறிவிடலாமா? அது எளிய வழி, ஆனால் உண்மையன்று. மாரியம்மன் கோபுரத்திலும் கவனத்துடன் தீட்டிய முகமும் உண்டு, அவசரத்திற் பூசிய முகமும் உண்டு. இரண்டையும் அம்மக்களே வேறுபிரித்தறிவர். கண் திறக்கும் சிற்பியின் கையைப் பற்றி அவர்கள் பேசுவதைக் கேட்டாற் போதும். ஒற்றை நிறத்து ஓவியங்களிலும் பத்தாண்டுத் தவத்தின் பயனும் உண்டு, ஒரு மாலைப்பொழுதில் நாகரிகத்தைப் பின்பற்றிச் செய்ததும் உண்டு. மதிப்பீடு நிறங்களின் தொகையைப் பொறுத்ததன்று; இட்ட ஒவ்வொரு நிறத்துக்கும் இட்டவன் விடைசொல்லத் தயாராக இருந்தானா என்பதைப் பொறுத்தது. நிறங்களைக் குறைத்தவனிடம் இதனைக் கண்டறிவது எளிது. மிகுத்தவனிடம் கண்டறியப் பொறுமை வேண்டும். பொறுமை இல்லாமையைப் பார்ப்பவர் தம் நுண்ணுணர்வு எனக் கொள்ளலாகாது.

துறவைப் பற்றிய சிக்கலும் இதனால் ஓரளவு தெளிவுறும். தன் கையிலுள்ளதைத் தான் குறைத்துக்கொள்வது ஒருவனுக்குச் சிறப்பாகலாம். அதனைப் பிறனிடம் கேட்பது சிறப்பாகாது. காய்தோண்டே தமக்கு விதித்துக்கொண்டதை எவர்க்கும் விதிக்கவில்லை. அவரைப் போற்றுவோரிற் பலர் அவரைப்போல இருப்பதில்லை.

நிறத்தைப் பற்றிய இவ்வாராய்ச்சியிற் சொல்லாமல் விடமுடியாத நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1967 ஒக்ரோபர் 14ஆம் திகதி சீகிரிய ஓவியங்களின்மீது யாரோ பச்சை வண்ணத்தை வீசிப் பூசினர். சில உருவங்கள் கொத்தவும்பட்டன. பதினைந்து நூற்றாண்டு மழைக்கும் வெயிலுக்கும் தப்பியது ஓரிரவிற் கெட்டது. இத்தாலிய நிபுணரான லூசியானோ மறன்சியும் இலங்கைத் தொல்பொருளியல் திணைக்களத்தினரும் அவற்றைச் சீர்செய்யும் பணியிலே ஈடுபட்டனர். அப்பணியின் நுட்பம் எண்ணற்பாலது. சுவரில் முன்பே பச்சை இருந்தது. ஓவியன் மண்ணிலிருந்து எடுத்த பச்சை. அதன்மேற் கடையில் வாங்கிய பச்சை. எந்தப் பச்சையை நீக்குவது, எந்தப் பச்சையைத் தொடாமல் விடுவது என ஒவ்வோர் அங்குலத்திலும் முடிவு செய்யவேண்டியிருந்தது. கரைப்பான் சற்று மிகினும் கீழேயுள்ளது போய்விடும்.

அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1964இல், பழஞ்சின்னங்களின் பேணுகைக்கான வெனிஸ் சாசனம் வகுக்கப்பட்டிருந்தது. ஊகம் தொடங்கும் இடத்திலே சீரமைப்பு நின்றுவிட வேண்டுமென்பது அதன் கோட்பாடுகளுள் ஒன்று. இழந்த விரலை எவ்வளவு அழகாக வரையத் தெரிந்தாலும் அதனை ஊகித்து வரையலாகாது. வரையத் தெரிந்தவன், வண்ணமும் கையில் வைத்திருப்பவன், சாரத்தின்மேல் நின்றுகொண்டே வரையாது விடுகின்றான். திறனாய்வாளர் அடக்கம், நேர்மை, துறவு என்று இக்கால ஓவியத்துக்குச் சூட்டிய பெயர்கள் யாவும் அக்கணத்தில் உவமையாக அன்றி நேர்பொருளிலேயே பொருந்துகின்றன. அவன் விட்டுவைத்த இடத்துக்கு ஒப்பம் இல்லை, விலையும் இல்லை. குடைவுக்கு வெளியே அம்முகப்பின் பெரும்பகுதியில் சாந்து எப்போதோ உதிர்ந்துவிட்டது. ஐந்நூறு பெண்டிர் இருந்தனர் என ஒரு பழம்பாடல் கூறும் அப்பரப்பு, மழைநீர் ஓடிய கரிய தாரைகளுடன் வெறும் பாறையாகவே விடப்பட்டிருக்கின்றது.